மயக்க மருந்தில் தவறு நடந்ததா? சட்டப்படி என்ன செய்யலாம்: படிப்படியாக

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள், ஆனால் நோயாளி கண் விழிக்கவில்லை. அல்லது விழித்தவருக்கு ஒரு கால் அசையவில்லை. இப்படி நடந்த வீடுகளுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. பாதிக்கப்பட்டவர் அப்போது நினைவில்லாமல் கிடந்தார். வீட்டார் தியேட்டர் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நடந்ததை உங்களுக்குச் சொல்லக்கூடியது ஒரு காகிதம்தான். அதனால் வக்கீலைத் தேடுவதற்கு முன்பே அதைக் கையில் வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: அனஸ்தீசியா சார்ட்டை வாங்குங்கள்

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. அதில் பெரும்பாலும் "பொது மயக்கத்தில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது" என்று ஒரு வரிதான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது முழு கேஸ் ஷீட். அதற்குள் மூன்று தாள்கள் முக்கியம்: ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் பரிசோதித்து எழுதிய குறிப்பு, நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம், அப்புறம் அனஸ்தீசியா சார்ட்.

அந்த சார்ட் கட்டம் போட்ட தாள். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மேலே எழுதியிருப்பார்கள். கீழே வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஆக்ஸிஜன் அளவு. ஓர் உதாரணம்: 10.20-க்கு ஆக்ஸிஜன் 98, 10.25-க்கு 97, அடுத்த மூன்று கட்டங்கள் காலி, 10.45-க்கு நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முயற்சி. அந்த மூன்று காலிக் கட்டங்களில் என்ன நடந்தது என்ற கேள்விதான் வழக்கு.

2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுகள்தான் வைத்திருக்கக் கட்டாயம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். வாயால் கேட்காமல், மருத்துவக் கண்காணிப்பாளருக்கு இப்படி எழுதிக் கொடுங்கள்:

"ஐயா, (தேதி) அன்று தங்கள் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை பெற்ற (பெயர், உள்நோயாளி எண்) அவர்களின் முழு கேஸ் ஷீட், அனஸ்தீசியா சார்ட், நர்ஸ் குறிப்புகள், ஐசியு பதிவுகள் ஆகியவற்றின் நகல்களை 72 மணி நேரத்துக்குள் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

உயிர் போயிருந்தால் ஒரு விஷயம். அந்த நேரத்தில் இதைச் சொல்வது கொடுமை என்று தெரியும். சந்தேகம் இருந்தால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து பிரேதப் பரிசோதனை கேளுங்கள். தகனம் முடிந்துவிட்டால் அந்தச் சான்று திரும்பக் கிடைக்காது.

இரண்டாம் படி: தவறா, பக்க விளைவா?

முதுகில் ஊசி போட்ட பிறகு சிலருக்குக் கடும் தலைவலி வரும். கவனமாகச் செய்தாலும் வரக்கூடியது அது. அதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. ஆனால் சுவாசக் குழாய்க்குப் பதில் உணவுக் குழாயில் டியூப் போனதை நேரத்தில் கவனிக்காதது, ஒவ்வாமை இருப்பதைச் சொல்லியும் அதே மருந்தைக் கொடுத்தது, எப்போது சாப்பிட்டார் என்றே கேட்காதது, இவையெல்லாம் வேறு.

சார்ட்டை எடுத்துக்கொண்டு, சம்பந்தமில்லாத மருத்துவமனையில் இருக்கும் ஒரு மயக்கவியல் மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் மயக்க மருந்து விஷயத்தில் அது இல்லாமல் போகாதீர்கள் என்பேன். எதிர்த்தரப்பு நிச்சயம் ஒரு நிபுணரோடு வரும்.

மூன்றாம் படி: எங்கே போவது?

பணம் கட்டி சிகிச்சை பெற்றவர்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் நல்ல வழி என்பது என் கருத்து. மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இலேயே தீர்ப்பாகிவிட்டது. 2019 சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமே கிடையாது. கணக்கில் வருவது கட்டிய தொகை. கேட்கும் இழப்பீடு அதைவிடப் பெரிதாக இருக்கலாம். காலக்கெடு 2 ஆண்டு.

"மயக்க மருந்து கொடுத்த டாக்டர் பெயரே தெரியாதே" என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். வெளியிலிருந்து ஒரு நாளைக்கு வரவழைத்தவராக இருந்தாலும் மருத்துவமனையை எதிர்த்தரப்பாகச் சேர்த்தால் போதும். சிகிச்சை கொடுத்த டாக்டரைச் சேர்க்காததால் மட்டும் புகார் விழுந்துவிடாது, கவனக்குறைவு இல்லை என்று காட்டும் பொறுப்பு மருத்துவமனைக்கு உண்டு என்று 2004-இல் சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எல்லாருக்கும் முழு இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை என்றால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது. சிவில் வழக்கோ, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோதான் (அரசுக்கு எதிராக உரிமை கேட்டுப் போடும் மனு) வழி.

போலீஸ் புகார்? உயிரிழப்பு என்றால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 106-ஆவது பிரிவில் மருத்துவருக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி சாதாரணக் கவனக்குறைவு போதாது; மிக மோசமான கவனக்குறைவாக இருக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் கொடுக்கும் புகார் டாக்டரின் பதிவை இடைநிறுத்த வைக்கலாம். இழப்பீடு வாங்கித் தராது. இவற்றின் முடிவுக்காகக் காத்திருந்து நுகர்வோர் ஆணையத்தின் 2 ஆண்டைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள். அது சட்டப்பணிகள் ஆணையத்தின் உதவி எண். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியலினத்தவர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். போகும்போது சீல் வாங்கிய அந்தக் கடிதத்தையும் சார்ட்டின் நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.