மொபைல்ல நட்சத்திரம் எடுக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் வேண்டாம்

ட்ரைபாட் வேணும், ஃப்ளாஷை ஆஃப் பண்ணணும்ங்கறதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுடுறேன். புதுசா வர்றவங்க திரும்பத் திரும்ப மாட்டிக்கிற இடம் வேற.

ஃபோகஸை நம்பி விடுறது

இதைப் பார்த்தா எனக்கு இன்னும் கோவம்தான் வருது. மாசி அமாவாசைக்கு ஜவ்வாது மலை போயிருந்தோம், அங்க இருட்டு நல்லா இருக்கப் போய்த்தானே காவலூர்ல 2.34 மீட்டர் டெலஸ்கோப்பே வச்சிருக்காங்க. அந்த மாசத்துல பால்வீதியோட நடுப்பகுதி விடியக்காலை நாலு மணிக்குத்தான் நல்லா மேல ஏறி வரும், அஞ்சேகாலுக்கெல்லாம் வானம் வெளுக்க ஆரம்பிச்சிடும். கூட வந்த தம்பி அவ்வளவு நேரமும் விடாம எடுத்தான், ஸ்க்ரீன்ல பாக்கறப்ப எல்லாமே சூப்பரா இருந்துச்சு. கீழ இறங்கி டீக்கடையில உக்காந்து ஜூம் பண்ணிப் பார்த்தா, கடுகா இருக்க வேண்டிய நட்சத்திரம் ஒவ்வொண்ணும் பட்டாணி சைஸ்ல உப்பிக் கிடக்கு. ஒரு படம் தேறல. வெளிச்சம் முன்னபின்ன இருந்தா ரா ஃபைல்ல, அதாவது கேமரா சுருக்காம அப்படியே சேமிக்கிற படத்துல, கொஞ்சம் சரிபண்ணிக்கலாம், ஃபோகஸ் போனா போனதுதான்.

இருட்டுல ஆட்டோஃபோகஸுக்குப் பிடிமானம் எதுவும் கிடைக்காது, அலைஞ்சு அலைஞ்சு பக்கத்து மரத்துல போய் நின்னுடும். சரின்னு ப்ரோ மோடுல மேனுவலுக்கு மாத்தி ஸ்லைடரைக் கடைசி வரைக்கும் தள்ளுறாங்க பாருங்க, அதுவும் தப்பு, நிறைய போன்ல அந்தக் கடைசி முனை முடிவிலியையும், அதாவது ரொம்ப ரொம்பத் தூரத்துல இருக்கறது தெளிவா விழுற இடத்தையும், தாண்டிப் போயிடும். கேட்டை மாதிரி பளிச்சுன்னு ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து வச்சு, கடைசியிலேர்ந்து துளித்துளியா பின்னால இழுத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு படம் எடுத்து ஜூம் பண்ணுங்க. புள்ளி எங்க ரொம்பச் சின்னதாகுதோ அங்க நிறுத்துங்க. இன்னொண்ணு, ஸ்க்ரீன் லாக் ஆனா சில போன்ல ஃபோகஸ் பழையபடி ஆட்டோவுக்கே போயிடும். தம்பிக்கு நடந்தது அதுதான், முதல்ல சரியாத்தான் வச்சிருந்தான்.

ஷட்டரை 30 செகண்ட் திறந்து வைக்கிறது

பூமி மணிக்கு 15 டிகிரி சுத்துது, 15 செகண்டை ரொம்பத் தாண்டினா நட்சத்திரம் கோடா இழுபடும். ஐஎஸ்ஓவை, அதாவது படத்தோட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற செட்டிங்கை, 1600லேர்ந்து 3200க்குள்ள வச்சுக்கோங்க. கூகுள் பிக்சல் போன்ல நட்சத்திரம் எடுக்கறதுக்குன்னே இருக்கற ஆஸ்ட்ரோ மோடு நாலு நிமிஷம் எடுக்குதேன்னு கேப்பீங்க, அது 16 செகண்டுக்கு மேல போகாத துண்டு துண்டா எடுத்துத்தான் ஒண்ணா சேர்க்குது.

அல்ட்ரா வைடு

ரொம்ப அகலமா எடுக்கற அந்த கேமரா வேண்டாம். மெயின் கேமராதான்.

லீவு பார்த்துக் கிளம்புறது

காலண்டர்ல அமாவாசையைப் பாருங்க. பௌர்ணமி பக்கமா போனா நிலா வெளிச்சத்துல பால்வீதியே தெரியாது.

லென்ஸை மறந்துடுறது

மலையில விடியக்காலைப் பனி லென்ஸ்ல படிஞ்சா படம் முழுக்க மங்கிடும், அப்பப்ப மெல்லிசுத் துணியால துடைங்க. துடைக்கறேன்னு டார்ச் மட்டும் அடிச்சிடாதீங்க, பக்கத்துல எடுக்கறவங்க படமும் சேர்ந்து போயிடும்.