சாய்ந்தால் திறக்க வேண்டும்: பேனிக் பார் பொருத்துகிறவர்களுக்கு

அவசர வழிக் கதவின் குறுக்கே இருக்கும், தள்ளினால் பூட்டு விடுபடும் தண்டுதான் பேனிக் பார். அதை மாட்டி முடித்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கதவுக்கு முன்னால் நின்று, ஒரு கையால் பாரை லேசாகத் தட்டுவார்கள். டக்கென்று பூட்டின் நாக்கு உள்ளே போகும், கதவு திறக்கும். "முடிஞ்சுது சார், கையெழுத்து போடுங்க." நானும் முதல் நாலைந்து வருடம் அப்படித்தான் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஓர் அரங்கத்தில் தீ ஒத்திகை. இரட்டைக்கதவு, மேலும் கீழும் கம்பி ஓடும் பார், நான் மாட்டியது. வெளியே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது, உள்ளே காலடிச் சத்தம் வந்தது, கதவு அதிர்ந்தது, ஆனால் திறக்கவில்லை. முன்னால் வந்த அம்மா பாரைத் தள்ளுகிறார், அவர் முதுகில் இன்னும் பத்துப் பேர். "கொஞ்சம் பின்னாடி போங்க" என்று யாரோ கத்த, கூட்டம் அரையடி நகர்ந்தது. உடனே கதவு திறந்துகொண்டது. ஒத்திகை என்பதால் எல்லோரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

கோளாறு என்னவென்று அன்று மாலையே கண்டுபிடித்தேன். கீழ்க்கம்பியை மூன்று சுற்று நீளமாக விட்டிருந்தேன். பாரை முழுக்க அமுக்கினாலும் கம்பியின் நுனி தரைக்குழியில் இரண்டு மில்லிமீட்டர் மிச்சம் நின்றது. ஒற்றைக் கையால் தட்டும்போது அந்த உருண்டை நுனி வழுக்கி வெளியே வந்துவிடும். கூட்டம் சாய்ந்தால் நுனி அந்தக் குழியைச் சுற்றியுள்ள தகட்டின் விளிம்பைக் கடித்துக்கொள்ளும். நான் சோதித்தது கதவை. கூட்டம் சாய்ந்த கதவை அல்ல.

ஆகவே இந்த வேலையைக் கடைசியிலிருந்து சொல்லிக்கொடுப்பதே என் வழக்கம். முதலில் சோதனையைக் கற்றுக்கொள்ளுங்கள், பொருத்துவது பிறகு.

உள்பக்கம் இரண்டு பேர் நில்லுங்கள். ஒருவர் தோளால் கதவை வெளிப்பக்கமாக அழுத்த வேண்டும், பாரைத் தொடாமல், தன் முழு பாரத்தோடு. மற்றவர் அந்த நிலையிலேயே பாரை அமுக்க வேண்டும். நாக்குப் பக்கம் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, கீல் பக்கம் ஒரு முறை. மூன்று இடத்திலும் திறக்க வேண்டும். (அழுத்துகிறவர் ஒரு காலைப் பின்னால் ஊன்றிக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் கதவோடு சேர்ந்து வெளியே போய் விழுவார். விழுந்திருக்கிறேன்.)

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இஎன் 1125 என்ற ஐரோப்பியத் தரமே இதைத்தான் கேட்கிறது. சும்மா மூடியிருக்கும் கதவில் பார் 80 நியூட்டனுக்குள் விடுபட வேண்டும், அதாவது சுமார் 8 கிலோ எடை. அதே கதவின் மேல் 1000 நியூட்டன், ஏறக்குறைய நூறு கிலோ, அழுத்திக்கொண்டிருக்கும்போது 220 நியூட்டனுக்குள் விடுபட வேண்டும். அமெரிக்க விதியில் நாக்கு விடுபட 15 பவுண்டு விசைதான் உச்சம், 67 நியூட்டன். விசைமானி கையில் இல்லையென்றால், குளியலறையில் வைக்கிற எடைமெஷினைப் பாரின் மேல் நெட்டுக்குத்தாகப் பிடித்து அமுக்கிப் பாருங்கள். துல்லியம் வராது. ஆனால் எட்டு கிலோவுக்கும் பதினைந்து கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு தேதி சொல்வேன். 1883 ஜூன் 16, இங்கிலாந்தின் சண்டர்லாண்டில் விக்டோரியா ஹால். குழந்தைகளுக்கான நிகழ்ச்சி. மேடையில் பரிசு கொடுக்கிறார்கள் என்று மாடியிலிருந்த பிள்ளைகள் படியில் ஓடி இறங்கினார்கள். படிக்கட்டின் அடியில் இருந்த கதவு உள்பக்கமாகத் திறப்பது, அதையும் ஒரு பிள்ளை மட்டும் நுழையும் அளவுக்குத் திறந்து தாழிட்டிருந்தார்கள். நெரிசலில் 183 குழந்தைகள் இறந்தார்கள். தீயே கிடையாது. அதன் பிறகுதான் 1892இல் ராபர்ட் பிரிக்ஸ் என்பவர் தள்ளினால் விடுபடும் தாழ்ப்பாளுக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்தது 1903 டிசம்பர் 30, சிகாகோவின் இரோகுவா தியேட்டர் தீ, அறுநூறுக்கு மேல் சாவு. பூட்டிய கதவுகள், எப்படித் திறப்பதென்றே புரியாத தாழ்ப்பாள்கள். அன்றைக்கு அந்தக் காட்சிக்குப் போக இருந்து போக முடியாமல் போன கார்ல் பிரின்ஸ்லர் இரும்புச் சாமான் வியாபாரி. அவரும் பொறியாளர் ஹென்றி டூபாண்டும் சேர்ந்து உருவாக்கிய பார், வானகட் நிறுவனம் வழியாக 1908இல் விற்பனைக்கு வந்தது. மூன்று பெயரையும் ஒட்டித்தான் அந்தப் பாருக்கு 'வான் டூப்ரின்' என்று பெயர்.

இனி பொருத்துவதற்கு வருவோம்.

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் கதவைப் பாருங்கள். பார் பழுது என்று என்னைக் கூப்பிடும் இடங்களில் பாதிக்கு மேல் பழுது கதவில்தான். கீல் தொங்கியிருக்கும், கதவின் மேல் மூலை நிலையில் உரசும், அல்லது டோர் க்ளோசர் கதவைக் கடைசி ஒரு அங்குலம் இழுத்து மூடாது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி சீராக இருக்கட்டும். கோணலான கதவில் நேரான பாரை மாட்டி, பிறகு நாதாங்கியை, அதாவது நிலையில் நாக்கைப் பிடிக்கும் தகட்டை, அரம் போட்டுத் தேய்த்துச் சரிக்கட்டாதீர்கள். கீலைச் சரிசெய்யுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்பதையும் பாருங்கள். உள்பக்கம் திறக்கும் கதவில் பேனிக் பார் கேட்டவர்களும் உண்டு.

அடுத்து எந்த வகை. ஒற்றைக்கதவென்றால் யோசிக்காமல் ரிம் வகை வாங்குங்கள். நாக்கு இருக்கும் பெட்டி கதவின் முகத்தில் உட்காரும், நாதாங்கி நிலையில் உட்காரும், கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றுமில்லை. சாதாரணப் பூட்டின் நாக்கு நேர்கோட்டில் உள்ளே சறுக்கும், கூட்டம் அழுத்தினால் அந்தச் சறுக்கல்தான் சிக்கும். ரிம் பாரின் நாக்கு பெரும்பாலும் ஓர் அச்சில் சுழன்று விலகுவது, அழுத்தம் இருந்தாலும் உருண்டு வழிவிடும். இரட்டைக்கதவு என்றால் மேலும் கீழும் கம்பி ஓடும் வகை வரும். அல்லது நடுவில் கழற்றக்கூடிய தூண் ஒன்றை நிறுத்தி இருபுறமும் ரிம் பார் போடலாம். எனக்கு விட்டால் தூண்தான். கட்டடக்கலைஞர்களுக்கு அது பிடிக்காது. கம்பி வகையைப் பராமரிக்கப்போவது அவர்கள் அல்லவே.

கைப்பிடி மாதிரியோ சின்னப் பட்டை மாதிரியோ இருக்கும் வகைக்கு ஐரோப்பாவில் இஎன் 179 என்று தனித் தரம் உண்டு. அது கட்டடத்தை நன்றாகத் தெரிந்தவர்கள் மட்டும் புழங்கும் இடத்துக்கு. முன்பின் தெரியாத மக்கள் கூடும் இடமென்றால் குறுக்கே முழுப் பார்தான்.

உயரத்தைத் தரை வேலை முழுக்க முடிந்த மட்டத்திலிருந்து அளந்து குறியுங்கள். சிமென்ட் தரையில் அளந்துவிட்டு, பிறகு மேலே டைல் வந்தால் கணக்கு போச்சு. ஐரோப்பிய வழக்கில் 900 முதல் 1100 மில்லிமீட்டர், அமெரிக்காவில் 34 முதல் 48 அங்குலம். சிறு பிள்ளைகள் மட்டும் புழங்கும் இடமென்றால் இன்னும் தாழ்த்துவதைப் பற்றி யோசியுங்கள். பாரின் நீளம் அமெரிக்க விதியில் கதவகலத்தில் பாதியாவது இருக்க வேண்டும், ஐரோப்பாவில் 60 சதவீதம். நான் எவ்வளவு நீளம் போகுமோ அவ்வளவும் விடுவேன். புகையில் கண் தெரியாமல் வருகிறவருக்கு இடுப்பு எங்கே மோதினாலும் பார் இருக்க வேண்டும்.

துளை போடும் இடங்களைக் காட்டும் டெம்ப்ளேட் காகிதத்தை ஒட்டி, முதலில் நாக்கு இருக்கும் பெட்டியை மட்டும் இரண்டு திருகில் நிறுத்துங்கள். முழுக்க இறுக்க வேண்டாம். பிறகு கதவை மூடி, நாக்கு நிலையில் எங்கே தொடுகிறதோ அங்கே நாதாங்கியைக் குறியுங்கள். ஸ்ட்ரைக் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நாக்கைத் தாங்குவதால் நாதாங்கி என்று நம் ஆட்கள் என்றைக்கோ வைத்த பெயர் எனக்கு அதைவிடப் பொருத்தமாகப் படுகிறது. நாதாங்கியின் துளைகள் நீள்வட்டமாக இருப்பது நகர்த்திப் பார்ப்பதற்குத்தான். மூடிய கதவை முன்னும் பின்னும் ஆட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கட்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கமாக வைத்தால் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். நிலையில் ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டை கொஞ்சம் உப்பினால் போதும், நாக்கு முழுக்க விழாமல் நிற்கும். இடம் சரியானபின்தான் நகராமல் பிடிக்கும் அந்தக் கடைசித் திருகைப் போட வேண்டும். பலர் அதை உறையிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் நாதாங்கி சரிந்துவிடும்.

சில மாடலில் பெரிய நாக்குக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நாக்கு இருக்கும். கதவு மூடியிருக்கும்போது அது நாதாங்கியால் அமுக்கப்பட்டே இருக்க வேண்டும். அப்போதுதான் வெளியிலிருந்து அட்டையைச் செருகிப் பெரிய நாக்கைத் தள்ள முடியாது. அதுவும் குழிக்குள் விழுந்திருந்தால் நாதாங்கி தப்பான இடத்தில் இருக்கிறது.

பாரை வெட்ட வேண்டியிருந்தால் கீல் பக்கத்து முனையில்தான் வெட்ட வேண்டும். வெட்டிய இடத்துப் பிசிறை அரத்தால் எடுத்துவிடுங்கள். ஒரு பொடிப் பிசிறு போதும், பார் பாதி அமுங்கி நின்றுவிட. அந்த முனைத் தாங்கியை இறுக்குமுன் ரசமட்டம் வையுங்கள். தாங்கி ஒரு பக்கம் ஏறியிருந்தால் பார் முறுக்கிக்கொண்டு கனமாகிவிடும். தகரத் தோல் கதவென்றால் வெறும் திருகை நம்பாதீர்கள். உள்ளே பலப்படுத்திய தகடு இல்லாவிட்டால் மறுபக்கம் வரை ஊடுருவும் போல்ட் போடுங்கள்.

கம்பி வகைக்கு வருகிறேன், என்னைத் தலைகுனிய வைத்த வகை. மேல் நாக்கை முதலில் சரிசெய்யுங்கள், கீழ்க்கம்பி அப்புறம். பாரை முழுக்க அமுக்கிப் பிடித்தபடி கம்பியைச் சுற்றி, மேல் நாக்கு நாதாங்கியை விட்டு முழுமையாக விலகும்வரை கொண்டுவாருங்கள். கதவு திறந்திருக்கும்போது கம்பிகள் உள்ளிழுத்தபடியே நிற்க வேண்டும். கதவு மூடி மேல் பெட்டி நாதாங்கியில் இடித்த பிறகுதான் அவை விடுபட வேண்டும். இந்தப் பிடிப்பு வேலை செய்யவில்லையென்றால் கீழ்க்கம்பி தரையைக் கீறிக்கொண்டே வரும், தரையில் கால்வட்டமாக ஒரு கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். கடைசியாகக் கீழ்க்கம்பி: பாரை அமுக்கியபோது அதன் நுனி தரைத்தகட்டின் மேல்மட்டத்தைத் தாண்டி மேலே வந்திருக்க வேண்டும். கண்ணால் நம்பாதீர்கள். கதவைத் துளி திறந்து, நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே ஓர் அட்டையை விட்டு இழுத்துப் பாருங்கள். சுற்று முடிந்ததும் பூட்டு நட்டை இறுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கம்பி அதிர்ந்து அதிர்ந்து தானே சுற்றிக்கொள்ளும். இப்போது அந்தத் தோள் சோதனையைச் செய்யுங்கள்.

டாகிங் பற்றி ஒரு வார்த்தை. பாரில் உள்ள துளையில் ஆலன் கீயை விட்டுக் கால் சுற்றுத் திருப்பினால் பார் அமுங்கியபடியே நிற்கும், கதவு நாள் முழுக்கத் தள்ளுகதவாக இருக்கும். வசதிதான். தீத்தடுப்புக் கதவில் மட்டும் இது கூடவே கூடாது, ஏனென்றால் தீ வரும்போது அந்தக் கதவு தானே மூடி நாக்கு விழுந்து நிற்க வேண்டும். தீத்தடுப்புக்கென்று முத்திரை குத்திய பாரில் அந்தத் துளையே இருக்காது. இல்லாத துளைக்குப் பதிலாகப் பாரைக் கயிற்றால் கட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிட மோசம், கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டுவது. உள்ளேயிருந்து பொருள் திருட்டுப் போகிறது என்ற புகார் நியாயமானதே. அதற்குத் திறந்தால் அலறும் பார் இருக்கிறது. அமெரிக்க விதிகள் சில வகைக் கட்டடங்களில் அனுமதிக்கும் தாமதப் பூட்டும் இருக்கிறது: தள்ளியதும் அலாரம் அடிக்கும், 15 விநாடியில் கதவு விடும், தீ அலாரம் அடித்தாலோ மின்சாரம் போனாலோ உடனே விட்டுவிடும். சங்கிலியைப் பார்த்தால் நான் வேலையை நிறுத்திவிட்டுச் சாவி யாரிடம் என்று கேட்பேன். ஒரு தடவைகூட உடனே பதில் வந்ததில்லை.

மாதம் ஒரு முறை பாருங்கள்: திருகுகள், நாக்கு, க்ளோசர், பிறகு தோள் சோதனை. நாக்குக்குக் கிரீஸ் பூசாதீர்கள், தூசியை இழுத்துப் பசையாக்கும். உலர் மசகு போதும். பெயின்ட் அடிக்க வருகிறவர்களிடம் பாரையும் நாதாங்கியையும் மூடிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். தரைக்குழியைக் கம்பியால் கிளறி வேக்குவம் பிடியுங்கள். அந்தக் குழிகளிலிருந்து நான் எடுத்தவை: கொண்டை ஊசி, டிக்கெட் துண்டு, நாணயம், துடைப்பக் குச்சி, ஒரு முறை சங்கிலிப் பூட்டின் சாவி.