தாயைப் பார்க்காமல் டோக்கன் கொடுக்காதீர்கள்: நாய்க்குட்டி வாங்கும்போது செய்யும் தவறுகள்

“நாப்பத்தஞ்சு நாள் ஆச்சுங்ணா, ஊசி போட்டாச்சு, பூச்சி மருந்து குடுத்தாச்சு. நீங்க தூக்கிட்டுப் போனாப் போதும்.”

சேலத்தில் நாய்க்குட்டி விலை பேசப் போனவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமாக இருக்கும். நானும் கேட்டேன். 12,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஒரு லேப்ரடார் குட்டியைத் துண்டில் சுற்றிக் கன்னங்குறிச்சிக்குக் கொண்டுவந்தேன். ஐந்தாம் நாள் வாந்தி. ஆறாம் நாள் ரத்தபேதி. எட்டாம் நாள் கொல்லையில் கொய்யா மரத்தடியில் குழி தோண்டினோம். பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் தொற்று நோய்.

விற்றவருக்குப் போன் போட்டால், “உங்க ஊட்லதான் புடிச்சிருக்கும்” என்றார். பார்வோ கிருமி உடம்பில் நுழைந்து நோயாக வெளிப்படப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். ஐந்தாம் நாள் படுத்த குட்டிக்கு எங்கே பிடித்தது என்று அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. வாங்கின அன்றைக்கே டாக்டரிடம் காட்டி ஒரு சீட்டு வாங்கி வைத்திருந்தால் பேசுவதற்காவது ஏதாவது இருந்திருக்கும். நான் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை, குட்டி துள்ளி விளையாடுகிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஏழெட்டு இடம் ஏறி இறங்கினேன். கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

அந்த 45 நாள் கணக்கு

முதலில் இதை உடைத்துவிடுவோம். மத்திய அரசின் 2017 ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். சந்தையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட 45 நாள் என்பதே சட்டப்படி குறைவு. அதிலும் கொடுமை, 45 என்று சொல்லிக் கையில் கொடுக்கும் குட்டிக்குப் பல நேரம் 30 நாள்தான் ஆகியிருக்கும்.

காரணம் எளிது. மூன்று நான்கு வாரம் வரை தாய் பாலே போதும். அதற்குப் பிறகு எட்டுக் குட்டிக்கும் தீனி வாங்க வேண்டும், ஆறு வாரத்தில் ஊசி போட வேண்டும், நாளுக்குப் பத்துமுறை கழுவித் துடைக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் விற்பவருக்குச் செலவு. வாங்க வரும் நாமும் சும்மா இருப்பதில்லை. “இது பெருசா இருக்கே, இன்னும் சின்னதா இல்லையா?” என்று கேட்பது நாம்தான். உள்ளங்கையில் அடங்குகிற குட்டிதான் போட்டோவுக்கு அழகு.

வயதைப் பார்க்க வாயைத் திறந்து பார்த்தால் போதும். பால் பற்கள் மூன்றாம் வாரத்துக்கு மேல்தான் முளைக்கத் தொடங்கும். ஆறு வாரக் குட்டிக்கு முன்பற்களும் கோரைப் பற்களும் ஊசி மாதிரி குத்தும், உள்ளே கடைவாய்ப் பக்கமும் பல் தட்டுப்படும். எட்டு வாரத்தில் 28 பால் பற்களும் அநேகமாக வந்திருக்கும். விரலை வைத்தால் வெறும் ஈறு வழவழவென்று இருக்கிறது, ஆனால் 45 நாள் என்கிறார் என்றால், குட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அப்படியே ஈறின் நிறத்தையும் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் வயிற்றில் கொக்கிப் புழு ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கலாம்.

ஐந்திலிருந்து எட்டு வாரத்துக்குள் குட்டி தன் கூடப் பிறந்ததுகளோடு கட்டிப் புரண்டுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று கற்றுக்கொள்கிறது. தான் அழுத்திக் கடித்தால் மற்றக் குட்டி கத்திக்கொண்டு விளையாட்டை நிறுத்திவிடும், தாய் உறுமும். அந்தப் பாடம் இல்லாமல் வந்த குட்டி அதே பாடத்தை உங்கள் பிள்ளையின் கையில் படிக்கும்.

தாய் எங்கே?

நான் செய்த தவறுகளில் பெரியது இதுதான். “தாய் தோட்டத்துல கட்டியிருக்குதுங்க” என்றார். சரி என்று தலையாட்டினேன். அந்த வீட்டில் லேப்ரடார் குட்டி நான்கு, பக் இரண்டு, பொமரேனியன் மூன்று இருந்தன. வளர்ந்த நாய் ஒன்றுகூட இல்லை. அது உறைக்கவில்லை எனக்கு. பல இடத்துக் குட்டிகளைப் பஸ்ஸில் வரவழைத்து ஒரே அறையில் போட்டு விற்கும் புரோக்கர் வீடு அது. ஒரு குட்டிக்கு நோய் இருந்தால் ஒன்பதுக்கும் வரும்.

தாயைப் பார்க்க வேண்டும், குட்டிகள் அதனிடம் பால் குடிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். குட்டி போட்ட தாய் கொஞ்சம் இளைத்து, முடி கொட்டித்தான் இருக்கும், அதைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் விலா எலும்பை எண்ணும்படி இருந்தாலோ, வளர்ப்பவர் கை ஓங்காமலே பதுங்கினாலோ யோசிக்க வேண்டும். தாயின் குணம் பாதி குட்டிக்கு வரும். அந்நியரைக் கண்டதும் நடுங்கி மூலையில் ஒண்டும் தாயின் குட்டியைக் காவலுக்கு என்று வாங்கிப் பிறகு புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனையாவது ஈத்து, முந்தின ஈத்து எப்போது என்று கேளுங்கள். 18 மாதம் ஆகாத பெட்டையையும், எட்டு வயது தாண்டியதையும் இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது என்கிறது அதே 2017 விதி. கேள்வியைக் கேட்டதும் ப்ரீடர் முகம் போகிற போக்கிலேயே பாதி தெரிந்துவிடும். நல்லவர்கள் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருப்பார்கள். மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்பதையும் கேட்கலாம், சட்டப்படி செய்திருக்க வேண்டும். ஆனால் பதிவில்லாதவர்கள்தான் நம் பக்கம் அதிகம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

தந்தை அங்கே இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டாம். நல்ல கடுவனைத் தேடி ஈரோடு, கோயம்புத்தூர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கை விடுவது வழக்கம்தான். அதன் போட்டோவையும் வளர்ப்பவரின் எண்ணையும் தருவார்களா என்று மட்டும் பாருங்கள். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு என்றால் தாய் தந்தை இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். குட்டியில் தெரியாது, வளர்ந்த பிறகு படுத்த இடத்திலிருந்து எழ முடியாமல் தவிக்கும்போதுதான் தெரியும்.

“ஊசி போட்டாச்சுங்க”

என்ன ஊசி, யார் போட்டது, எப்போது? கார்டில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். பேனாவால் “7 இன் 1” (பல நோய்க்குச் சேர்த்துப் போடும் ஊசி) என்று எழுதி வைத்தது கணக்கில்லை. தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். தானே வாங்கி, ஸ்கூட்டர் பெட்டியில் சித்திரை வெயிலில் கொண்டுவந்து, ஒரு குப்பியை இரண்டு குட்டிக்குப் பிரித்துப் போடுகிறவர்களும் உண்டு. அது போட்டும் போடாததும் ஒன்றுதான்.

ஒழுங்காகப் போட்டிருந்தாலும் ஒரு ஊசி போதாது. சீம்பாலில் தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை ஊசி மருந்தை அது வேலை செய்ய விடாது. அந்தச் சக்தி ஒரு குட்டிக்கு ஏழு வாரத்தில் தீரும், இன்னொன்றுக்குப் பன்னிரண்டு வாரம் இழுக்கும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தனி. இது முடிகிறவரை குட்டியைத் தெருமண்ணில் இறக்கி மற்ற நாய்களோடு மோந்து பார்க்க விடக் கூடாது.

பேப்பர்

கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் சான்றிதழைத்தான் எல்லோரும் ‘கேசிஐ பேப்பர்’ என்கிறார்கள். குட்டியின் தாய் தந்தை, பாட்டன் பூட்டன் யார் என்பது அதில் இருக்கும், தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணும் இருக்கும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று அது எங்கும் சொல்லவில்லை. “பேப்பர் பின்னாடி வரும்” என்று சொல்லிப் பேப்பர் விலையை இன்றைக்கே வாங்கிக்கொள்வது பழைய வித்தை. பெற்றோரின் சான்றிதழ் நகலையும், இந்த ஈத்தைப் பதிவு செய்ததற்கான நகலையும் கையில் வாங்கிவிட்டு அந்தக் காசைக் கொடுங்கள். கண்காட்சிக்குப் போகிற எண்ணமே இல்லாதவருக்குப் பேப்பர் அவ்வளவு முக்கியமா என்றால், என் பதில் இல்லை என்பதுதான். அந்தப் பணத்தை ஊசிக்கும் தீனிக்கும் வையுங்கள்.

அபூர்வ நிறம், டீகப் சைஸ் (கோப்பைக்குள் அடங்குகிற அளவு சின்னது) என்று கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். லேப்ரடாருக்குக் கருப்பு, மஞ்சள், சாக்லேட் தவிர வேறு நிறம் கணக்கில் இல்லை. டீகப் என்று ஒரு இனமே கிடையாது.

மலைக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று

சேலத்தில் ஏப்ரல், மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தொடும். நாய்க்கு வியர்வை கிடையாது என்றே சொல்லலாம். மூச்சு வாங்கித்தான் உடம்பைக் குளிர்விக்கும். மூக்கு உள்ளே போன பக், புல்டாக் இனங்களுக்கு அந்த வழியே அடைப்பு. ஹஸ்கி வாங்கி ஏசி அறையில் பூட்டி வைப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல.

அப்போ ஏற்காட்டுக்கு ஹஸ்கி சரிதானே என்பார்கள். “குளிர் ஊருங்க, நல்லா இருக்கும்” என்று எஸ்டேட்காரர்களிடம் விற்கவும் செய்கிறார்கள். 1,500 மீட்டர் உயரம்தான், குளிர்தான், ஆனால் ஈரக் குளிர். மழை மாதங்களில் மூடுபனி இறங்கினால் துணியே நாலு நாள் காயாது. இரட்டை அடுக்கு ரோமம் எப்படிக் காயும்? அடிமுடி ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், காப்பிச் செடிக்குள் புகுந்து வந்தால் அட்டையும் உண்ணியும் ரோமத்துக்குள் ஒளியும். குட்டை முடி நாய்தான் மலைக்கும் லகு.

நாட்டு நாய் வாங்கலாம் என்கிற நல்ல எண்ணம் இப்போது பெருகியிருக்கிறது. அதிலும் ஒரு குழி உண்டு. ராஜபாளையத்தில் காது கேட்காத குட்டிகள் பிறக்கும். தூய வெள்ளைக்காகப் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில், காதுக்குள் இருக்க வேண்டிய நிறமிச் செல்களும் சிலவற்றுக்கு இல்லாமல் போயின. கூட்டத்தில் இருக்கும்போது இது தெரியவே தெரியாது. நீங்கள் கை தட்டினால் மற்றவை எழுந்து ஓடும், அதைப் பார்த்து இதுவும் ஓடும். எடுக்கப்போகிற குட்டியைத் தனியாக வேறு அறைக்குக் கொண்டுபோய், அது பார்க்காத பக்கம் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வு காலில் தெரிந்துவிடும்.

கோடை விழாவையொட்டி ஏற்காட்டில் நடக்கும் நாய் கண்காட்சிக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே குட்டிக்கு விலை பேச வேண்டாம். மூன்று நான்கு வயது நாய் வைத்திருப்பவர்களிடம் எங்கே வாங்கினீர்கள், என்னென்ன தொந்தரவு வந்தது என்று கேளுங்கள். நாய் வளர்ப்பவர்களைப் பேச வைப்பது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம்.

டோக்கன், பாவம், தீபாவளி

போனில் வந்த போட்டோவை நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள், பஸ் பார்சலில் குட்டியை வரவழைக்காதீர்கள். மூலையில் சோர்ந்து கிடக்கும் குட்டியைப் பார்த்து “பாவம், இதையே எடுத்துக்கலாம்” என்று வீட்டுக்காரி சொன்னால் நெஞ்சைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுக்கும் காசில்தான் அடுத்த ஈத்து பிறக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவதும் வேண்டாம். எட்டிலிருந்து பத்து வாரத்தில் வெடிச் சத்தத்தால் பிடித்த பயம் எளிதில் போகாது.

இரண்டாவது குட்டி

முதல் குட்டி போனபின் வீடெல்லாம் ஃபினாயில் ஊற்றிக் கழுவினோம். பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொன்னார். பார்வோவுக்கு ஃபினாயில் ஒரு பொருட்டில்லை, மண்ணில் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தரையிலிருந்த அழுக்கைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, ஒரு பங்கு திரவ பிளீச்சில் முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிடச் சொன்னார். துண்டு, தட்டு, கயிறு எல்லாவற்றையும் எரித்தோம். ஒரு வருடம் காத்திருந்தோம்.

பிறகு நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து வீட்டில் ஒரு குட்டி எடுத்தோம். தாய் வாசலிலேயே படுத்திருந்தது. நான் நாலு கேள்வி கேட்டால் அந்த வீட்டுப் பெரியவர் எட்டுக் கேட்டார்: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள், மாடியில் கட்டிப் போடுவீர்களா. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒன்பதாம் வாரம் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். போனபோது அவர் போட்டுவந்த தீனியில் ஒரு வாரத்துக்கானதைப் பொட்டலம் கட்டி, தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டையும் கிழித்துக் கொடுத்தார். “தீனிய உடனே மாத்திராதீங்க கண்ணு, வயிறு போயிரும். மாட்டுப் பால் வேண்டாம்” என்றார். ராத்திரி அழும்போது அந்தச் சாக்குத் துண்டைப் பக்கத்தில் போட்டோம், தூங்கிவிட்டது.

கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னாலிருந்து நானும் ஒன்றும் கொடுக்க மாட்டேன், வழியில் நீங்களும் கொடுக்காதீர்கள் என்று பெரியவர் போனிலேயே சொல்லியிருந்தார். பேத்தி கேட்கவில்லை, காரில் ஏறியதும் ரெண்டு பிஸ்கட் கொடுத்துவிட்டாள். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. பதினான்காவதில் என் வேட்டியெல்லாம் வாந்தி. நேராக டாக்டர் வீட்டு வாசலில்தான் வண்டியை நிறுத்தினேன், அந்த வேட்டியோடேயே.