இளையாளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் சொத்து எழுதுவது எப்படி

பாபநாசம் பக்கம் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். அறுவடை முடிந்து கையில் காசு புரளும்போது யாராவது ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி வந்து, "நமக்கு இரண்டு குடும்பம் தம்பி" என்பார். அவரிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன். இது இந்துக்களுக்கு, முஸ்லிம்களுக்குச் சட்டம் வேறு.

முதலில் மூலப் பத்திரத்தைப் பாருங்கள். நிலம் நீங்கள் வாங்கியதென்றால் விரும்பியவருக்கு எழுதலாம். பாட்டன் சொத்து என்றால் உயிலில் உங்கள் பங்கு மட்டுமே. உயில் எழுதாமல் இறந்தால் அந்தப் பங்கில் இளையாளின் பிள்ளைகளுக்கும் உரிமை உண்டென்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எழுதாமலே கண்ணை மூடினால்? சுயசம்பாத்தியம் 5 மா நிலம், உங்கள் தாயார் இல்லை, இருவருக்கும் இரண்டிரண்டு பிள்ளைகள் என்று வையுங்கள். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டப்படி, மூத்தாளை விவாகரத்து செய்யாமல் கட்டிய இரண்டாவது தாலி செல்லாது. ஆனால் அதன் 16ஆம் பிரிவு அந்தப் பிள்ளைகளைக் கைவிடவில்லை. மூத்தாளுக்கு ஒரு மா, நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு மா. இளையாளுக்கு வரப்புகூட இல்லை.

பிள்ளைகள் பங்கு கேட்கவும் கல்யாணம் நடந்ததைக் காட்ட வேண்டியிருக்கும். கோயில் ரசீது, பத்திரிகை, போட்டோ எதையும் தொலைக்காதீர்கள். போன தையில் ஓர் அம்மாள் மஞ்சள் பையிலிருந்து மாலையும் கழுத்துமாக நின்ற படத்தை எடுத்தார். மாப்பிள்ளையின் தோள்வரை கரையான் தின்றிருந்தது. அந்த மாப்பிள்ளை உயிரோடு இருந்த காலத்தில் மூத்தாள் வழக்குப் போட்டிருந்தால் அதே படம் அவருக்கு எதிரான சாட்சி. மூத்தாள் இருக்க இன்னொரு கல்யாணம் செய்தால் ஏழு ஆண்டுவரை சிறை உண்டு.

உயிலில் "என் மனைவிக்கு" என்று மட்டும் எழுதாதீர்கள். சட்டத்தின் கண்ணில் அது மூத்தாள்தான். இளையாளின் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் வேண்டும். சாட்சி இருவர். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள்.

சட்டமே இரண்டாம் கல்யாணத்தை ஏற்றுக்கொண்டால் இந்த அலைச்சல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வாரிசுரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவில், விதவைகள் எத்தனை பேரானாலும் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பங்கு என்றிருக்கிறது. ஏற்றுக்கொண்டால் மூத்தாளின் ஒரு மா அரை மா ஆகிவிடும். நீங்கள் கட்டிய தாலிக்கு அவள் ஏன் நிலம் கொடுக்க வேண்டும்? இளையாளுக்குக் கொடுப்பதை எதிலிருந்து எடுப்பது என்று நீங்களே முடிவு செய்து எழுதுங்கள்.

என்னிடம் வருவதற்கு முன் மூத்தாளிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.