வெட்டினால் மட்டும் போதாது: நாட்டு மரம் வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டைச் சுற்றி மண்டிய சீமைக் கருவேலம், சவுண்டல் (சூபாபுல்), உண்ணிச்செடி (லாந்தானா) போன்ற அயல்நாட்டுச் செடிகளை அகற்றிவிட்டு நாட்டு மரம் வைக்கப் பலர் முன்வருகிறார்கள். மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் நான் தொடங்கிய காலத்தில் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்த்தால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தண்ணீர் விட மறப்பது, கன்றை ஆடு கடிப்பது எல்லோரும் அறிந்ததே. அவற்றை விட்டுவிடுகிறேன்.

மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை விட்டுவைப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். தெரிந்தவர் ஒருவர் வேலியோரச் சவுண்டல் மரங்களைத் தரையோடு தரையாக அறுத்துவிட்டு, மறுநாளே இடையிடையே புங்கனும் நாவலும் நட்டார். முதல் மழை பெய்ததும் ஒவ்வொரு கட்டையைச் சுற்றியும் துளிர்கள் கொத்தாகக் கிளம்பின. ஒற்றைத் தண்டாக நின்ற மரம் ஏழெட்டுத் தண்டாக எழுந்தது. அடியில் பெரிய மரத்தின் வேர் முழுசாக இருக்கும்போது முழ உயர நாவல் கன்று அதோடு எப்படிப் போட்டி போடும்? கன்றுகள் நிழலில் வெளுத்துப்போய் நின்றன. மறுபடி ஆள்விட்டு வெட்டச் சொன்னால், வந்தவர்கள் எது கன்று, எது துளிர் என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து அரிவாளால் சாய்த்துவிட்டார்கள். இரட்டைக் கூலி, ஒரு பருவம், கன்றுகள் எல்லாம் போச்சு.

சவுண்டலானாலும் சீமைக் கருவேலமானாலும் தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி மண்ணில் இருக்கும்வரை துளிர்த்துக்கொண்டே இருக்கும். சீமைக் கருவேலத்தில் அந்தக் கழுத்து மண்ணுக்குள்ளே முடிச்சாகப் புதைந்திருக்கும். சுற்றிலும் தோண்டி, ஓர் அடி ஆழத்தில் வேரை வெட்டி, முடிச்சோடு வெளியே எடுக்க வேண்டும். மழை பெய்து மண் இளகிய நேரம் பார்த்துச் செய்தால் கடப்பாரை எளிதாக இறங்கும். உப்புக் கொட்டு, டீசல் ஊற்று என்பார்கள். நாளைக்கு உங்கள் கன்று வேர்விட வேண்டிய மண் அது. கேட்காதீர்கள்.

கட்டை போனாலும் விதை போகாது. சவுண்டல் விதை மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து, முளைப்பதை விரலளவிலேயே பிடுங்கிவிட்டுப் பிறகு நடுங்கள். நட்ட பிறகும் அந்த இடத்தில் ஒரு கண் இருக்கட்டும்.

உண்ணிச்செடியை வெட்டிய இடத்திலேயே போடுவது

ஈர மண்ணில் பட்ட தண்டு வேர் பிடித்துவிடும். வேரைக் கழுத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். தில்லிப் பல்கலைக்கழகத்தின் சூழலியலாளர் சி. ஆர். பாபு வகுத்த முறை இது. மருந்தே தேவையில்லை. காய் பழுக்குமுன் செய்துவிட வேண்டும், பழுத்துவிட்டால் பறவைகள் விதையை ஊரெல்லாம் கொண்டுபோய்விடும்.

பூவின் நிறத்தைப் பார்த்துக் கன்று வாங்குவது

சரக்கொன்றை என்று நம்பி, முதுமலைக் காட்டையே ஆக்கிரமித்த அமெரிக்க மஞ்சள் கொன்றையை வாங்கி வருகிறார்கள். சரக்கொன்றைப் பூ சரமாகக் கீழே தொங்கும். மற்றது கிளை நுனியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். பூக்காத கன்றில் இலையைப் பாருங்கள். சரக்கொன்றைக்குச் சில இணைச் சிற்றிலைகள்தான், ஒவ்வொன்றும் அகலமாக இருக்கும். மஞ்சள் கொன்றைக்குக் குறுகலான சிற்றிலைகள் நெருக்கமாகப் பல இணைகள் இருக்கும். நாம் நம்முடையது என்றே நினைத்திருக்கும் செம்மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது, தூங்குமூஞ்சி அமெரிக்க மண்ணிலிருந்து வந்தது.

குழியில் மட்காத எரு

சீமைக் கருவேலக் காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தில் விதை செரிக்காமல் வரும். நன்றாக மட்கியதை மட்டும் போடுங்கள்.

ஒரே நாளில் மொட்டையடிப்பது

வெறும் மண்ணுக்கு முதலில் பார்த்தீனியக் களைதான் வரும். ஒரு பக்கத்தை முடித்து, அங்கே கன்றுகள் தழைத்த பிறகு அடுத்த பக்கம் போங்கள்.

சுவரோரம் ஆல், அரசு

வேண்டாம். இடம் சிறிதென்றால் ஆத்தி, நுணா, சரக்கொன்றை.