பட்டாளத்திலிருந்து கம்பெனி வேலைக்கு: ரெக்ரூட்டர் மூலம் போகும் வழி

நாற்பதை ஒட்டிய வயதில் பென்ஷனோடு மண்டபத்துக்கோ தொண்டிக்கோ திரும்பி வருகிற பட்டாளத்துக்காரருக்கு இன்னும் இருபது வருட உழைப்பு மிச்சம் இருக்கிறது. ஆனால் ஊரில் அவருக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் செக்யூரிட்டி வேலை ஒன்றுதான். அது தாழ்ந்த வேலை இல்லை. என்றாலும் வண்டிப் பிரிவையே நடத்திய ஹவில்தாருக்கு அதைத் தவிர வேறு வழியே கிடையாது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் காரியத்தை யூனிட்டில் இருக்கும்போதே தொடங்குங்கள். ஓய்வுபெறப் போகிறவர்களுக்காக டி.ஜி.ஆர். (படைவீரர் மறுவாழ்வுக்கான மத்திய அரசு இயக்குநரகம்) நடத்தும் பயிற்சிகளுக்கு யூனிட் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஊர் வந்ததும் ராமநாதபுரத்தில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் டிஸ்சார்ஜ் புக்கோடு போய்ப் பதிந்துவிடுங்கள். முன்னாள் படைவீரருக்கான தமிழக அரசுக் கழகமான டெக்ஸ்கோ தரும் வேலைகளைப் பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம்.

அடுத்தது பயோடேட்டா. பலர் தடுமாறுவது இங்கேதான். மதுரையிலோ சென்னையிலோ உட்கார்ந்து கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் ரெக்ரூட்டருக்கு நாயக் யார், சுபேதார் யார் என்று தெரியாது. பதவியை ஒரு வரியில் சொல்லிவிட்டு, செய்த வேலையை விரித்து எழுதுங்கள். வண்டிப் பிரிவில் இருந்தவர் 'எம்.டி. ஹவில்தார்' என்று மட்டும் போட்டால் அவருக்கு ஒன்றும் புரியாது. 'வண்டிகளின் பராமரிப்பு, டிரைவர்களின் டியூட்டி, டீசல் கணக்கு மூன்றையும் பார்த்தேன்' என்று எழுதி, எத்தனை வண்டி, எத்தனை பேர் என்பதையும் சேருங்கள். லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி தேடுவது அப்படிப்பட்ட ஆளைத்தான். ஸ்டோர் பார்த்தவர் இருப்புக் கணக்கையும், சிக்னல்ஸில் இருந்தவர் கேபிள், ரேடியோ, நெட்வொர்க் வேலையையும் எழுதலாம். எந்த எல்லையில் இருந்தீர்கள், என்ன ஆபரேஷன் என்பதெல்லாம் பயோடேட்டாவில் வரவே கூடாது.

சரி, யாரிடம் கொடுப்பது? முறையான ரெக்ரூட்டருக்குக் காசு தருவது ஆள் எடுக்கும் கம்பெனிதான். பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று உங்களிடம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஓய்வுபெற்றபோது வந்த மொத்தப் பணத்தைக் குறிவைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கீழக்கரைப் பக்கம் வளைகுடா வேலை பேசுகிற ஏஜென்டுகளிடம் அரசுப் பதிவு எண் கேளுங்கள். அந்த எண் சரியா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. கடற்படையிலிருந்து வந்து வணிகக் கப்பலுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் தெளிவான விதி உண்டு: ஆர்.பி.எஸ்.எல். என்ற, கப்பலுக்கு ஆள் எடுப்பதற்கான அரசு உரிமம் உள்ள நிறுவனம் வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது.

அப்புறம் போன் வரும். எதிரில் பேசுவது இருபத்தைந்து வயதுப் பெண்ணாக இருக்கலாம். மேடம் என்று அழைத்து, கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். பிறகு நீங்களும் கேளுங்கள். சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்று சொல்லும் தொகை முழுதும் கைக்கு வராது, பிடித்தம் போக எவ்வளவு? டியூட்டி எட்டு மணி நேரமா, பன்னிரண்டா? சம்பளம் தரப்போவது கம்பெனியா, கான்ட்ராக்டரா? 'உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே' என்று சம்பளத்தைக் குறைக்கப் பார்த்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். பென்ஷன் செய்து முடித்த சேவைக்கு, சம்பளம் இனிச் செய்யப்போகும் வேலைக்கு. தனியார் வேலையில் சேர்ந்தால் பென்ஷன் குறையவும் செய்யாது.

ரெக்ரூட்டரின் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில் மத்திய அரசுத் தேர்வுகளுக்கும் எழுதிப் போடுங்கள். குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. வயதுக் கணக்கில் சேவை செய்த ஆண்டுகளோடு இன்னும் 3 ஆண்டைக் கழித்துக்கொள்ளலாம்.

வேலை உறுதியானால், ஆஃபர் கடிதத்தில் ஊர், பதவி, சம்பளம் மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். டிஸ்சார்ஜ் புக்கின் ஒரிஜினலைக் காட்டினால் போதும், யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.