ஸ்டீயரிங்கைத் திருப்பினால் 'டொக்' சத்தமா? ராக்கை மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் கார் வேளச்சேரியில் இரண்டு நாள் பாதிச் சக்கரம் மூழ்கத் தண்ணீரில் நின்றது. என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த கோடையில்தான் ஆரம்பித்தது: பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் 'டொக்' என்று ஒரு சத்தம். ஒர்க்‌ஷாப்பில் ஸ்டீயரிங் ராக்கையே, அதாவது ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்சட்டத்தையே, மாற்றச் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால், போயிருந்தது ஒரு பேரிங். அதைக் கண்டுபிடித்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

நேராகப் போகும்போது, சின்னச் சின்னப் பள்ளங்களில் 'கட கட' என்றால் பெரும்பாலும் லிங்க் ராட் (வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டு). ஃபுல்லாக ஒடித்துக்கொண்டு வண்டி நகரும்போது சக்கரத்தோடு சேர்ந்து 'டக் டக் டக்' என்றால் டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) ஜாயிண்ட். அதன் ரப்பர் பூட் (உறை) கிழிந்து, சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள பழைய வண்டி 'ஊ...' என்று முனகினால், ஆயில் அளவையும் அதில் நுரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நுரை இருந்தால் எங்கோ காற்று புகுகிறது.

வண்டி நின்ற இடத்திலேயே, திருப்பும்போது மட்டும் சத்தம் வருகிறதா? அப்படியானால் அடுத்த சோதனைதான் உங்களுக்கு. நான் மூன்று வாரம் திண்டாடியதும் இங்கேதான். சத்தம் டேஷ்போர்டுக்குள் இருந்து வருவதுபோலவே கேட்கும். இரும்பு வழியாகச் சத்தம் ஓடி, ஸ்டீயரிங் காலம் (column, ஸ்டீயரிங்கின் கீழே இருக்கும் தண்டுப் பகுதி) வரை வந்துவிடுகிறது. அதனால் காதை நம்பாதீர்கள், கையை நம்புங்கள்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள். என்ஜின் ஓடட்டும். வீட்டில் ஒருவரை உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் முன்சக்கரத்துக்கு மேலே கையை விட்டு, காயில் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். சுருள்களுக்கு நடுவே விரலை விடவே கூடாது. டயரும் திரும்பும் என்பதால் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் கை மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல வண்டியில் ஸ்பிரிங் சக்கரத்தோடு வழுக்கிக்கொண்டு திரும்பும். என் வண்டியில் இடது பக்கம் அப்படியே திரும்பியது. வலது பக்கம் ஸ்பிரிங் திரும்பாமல் முறுக்கேறிக்கொண்டே போய், திடீரென்று கைக்குள் துள்ளியது. அதே நொடியில் 'டொக்'. ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) தலையில் இருக்கும் மவுண்ட் பேரிங் துருப்பிடித்து இறுகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஸ்பிரிங் துள்ளவில்லை என்றால், ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்குங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டு இருக்கட்டும். டயரைக் கடிகாரத்தின் 9, 3 இடங்களில் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? ஸ்டீயரிங் ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டைச் சந்தேகப்படுங்கள். 12, 6 இடங்களில் ஆடினால் பால் ஜாயிண்ட் (சஸ்பென்ஷனில் இருக்கும் குமிழ் மூட்டு) அல்லது வீல் பேரிங். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே வேண்டாம்.

இனி சரிசெய்வது. பெடலுக்கு மேலே, ஸ்டீயரிங் ராட் நுழையும் ரப்பரில் 'கீச்' சத்தம் மட்டும் என்றால் சிலிக்கான் ஸ்பிரே போதும். சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் உப்பிவிடும். லிங்க் ராடை நீங்களே மாற்றலாம். நட்டைக் கழற்றும்போது நடுத்தண்டு கூடவே சுற்றும், அதை ஆலன் கீயால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்ட்ரட் மவுண்டை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அமுக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து.

பாகங்களுக்கு நான் சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளுக்குத்தான் போவேன். சேஸிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு போங்கள், பழைய பாகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி வாங்கலாம். ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பாகங்களைப் பழையதாக வாங்காதீர்கள். மவுண்டும் பேரிங்கும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், அப்புறம் வீல் அலைன்மெண்ட் கட்டாயம்.

பின்சேர்க்கை: இதைப் படித்து பேரிங் மாற்றிய ஒருவர், மறுநாளே சத்தம் திரும்பிவிட்டது என்று எழுதியிருந்தார். ஸ்பிரிங்கின் கீழ்முனை, ஸ்ட்ரட் தட்டில் அதற்கென்று இருக்கும் படிக்கட்டு போன்ற இடத்தில் உட்காராமல் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தது. திரும்பக் கழற்றிப் பொருத்தியதும் சத்தம் நின்றுவிட்டது. மெக்கானிக் சக்கரத்தை மாட்டும் முன் டார்ச் அடித்து அந்த முனையை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.